விற்பனைப் பொறியும் தவறுகாப்பு முறையும்

வாணிகம் என்பது பொருளும் பணமும் கைமாறுவது மாத்திரம் அன்று. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கச் சென்ற முதியவர் ஒருவர், நூறு ரூபாத் தாள் என எண்ணி ஆயிரம் ரூபாத் தாளை நீட்டுவாராயின், கடைக்காரர் அதனை விரித்துக் காட்டி, "ஐயா, இது ஆயிரம்" என்று திருப்பிக் கொடுப்பார். மிகுதிப் பணத்தை எடுக்காது நடப்பவரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அழுகிய தக்காளி ஒன்று பையினுள் விழுந்துவிட்டால், தாமே அதனை எடுத்தெறிந்து வேறொன்றை இடுவார். கடைக்காரர் யாவரும் இத்தகையர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலார் இத்தகையரே. இந்நுண்ணிய திருத்தங்கள் ஒரு நாளில் எத்தனை நிகழ்கின்றன என்பதை வாங்குவோரும் அறியார், விற்போரும் எண்ணார். கடைக்காரரை நீக்கி அவரிடத்தில் ஒரு பொறியை நிறுத்தும்போதுதான், அவை யாவும் ஒருங்கே மறைந்துவிட்டமை புலனாகின்றது.

காசு இட்டாற் பொருள் தரும் கருவியை விற்பனைப் பொறி என்று ஈண்டு வழங்குவோம். யப்பானிற்போலத் தெருத்தோறும் இவை நிற்கும் நிலை கொழும்பில் இல்லை. எனினும் வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் விமான நிலையத்திலும் குளிர்பானமும் சிற்றுண்டியும் தரும் பொறிகள் உள்ளன. சிறு கடைகளிற்கூடப் பொத்தானை அழுத்தினாற் பாற்றேநீர் பொழியும் பொறிகள் வந்துவிட்டன. காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் வங்கி வாயில்களில் நிற்கும் தன்னியக்கப் பணப்பொறியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அது விற்கும் பண்டம் பணம் என்பதொன்றே வேறுபாடு. இப்பொறிகளின் சேவைத்தரத்தை எவ்வாறு அளப்பது? பளபளப்பான முகப்பாலும் விரைவாலும் அளப்பது வழக்கம். பயன்படுத்துவோர் தவறும்போது, அல்லது பொறியே தவறும்போது, இழப்பு யாரைச் சேருகின்றது என்பதே சரியான அளவுகோல் என்பது எமது கருத்து.

விற்பனைப் பொறியின் வரலாறு நெடியது. கிறித்து பிறந்த முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஈரோன் என்னும் அறிஞர், கோயிலிற் புனித நீர் தரும் கலமொன்றைத் தம் நூலில் விவரித்துள்ளார். துவாரத்தின் வழியே இட்ட காசு நெம்புகோல் ஒன்றின் முனையிலுள்ள தட்டில் விழும். காசின் பாரத்தால் தட்டுச் சாய, மறுமுனை உயர்ந்து அடைப்பைத் திறக்க, நீர் வழியும். தட்டு மேலும் சாய்ந்து காசு சறுக்கி வீழ்ந்ததும் நெம்புகோல் பழைய நிலையை அடைய, நீர் நின்றுவிடும். அளவோடு கொடுத்தல் என்னும் செயலைக் காசின் பாரமும் சறுக்கலுமே முடித்துவிடுகின்றன. மிக அழகிய அமைப்பு. ஆயின் காசின் எடையுள்ள கல்லையிட்டாலும் நீர் வரும்.

இக்குறை பதினெட்டு நூற்றாண்டுகளின் பின்னரும் மனிதரை வருத்தியது. 1883ஆம் ஆண்டளவில் இலண்டனில் அஞ்சலட்டை விற்கும் பொறியை அமைத்த பேர்சிவல் எவரிற் என்பவர், காகிதத் துண்டுகளையும் தோடம்பழத் தோலையும் காசுத் துவாரத்திற் சிலர் திணித்துவிடுவதாக முறையிட்டு, அதனைத் தடுக்கும் வழிகளை நாடினார். அன்று தொடங்கிப் பொறியமைப்போர் தம் மதிநுட்பத்தின் பெரும்பகுதியைக் காசுத் துவாரத்திலேயே செலவிட்டனர். விட்டம் மிகுந்த குற்றி நுழையாது. தடிப்பு மிகுந்ததும் நுழையாது. பாரம் குறைந்தது சிறு தொட்டிலைச் சாய்க்க மாட்டாது வெளியே தள்ளப்படும். இரும்பாலான போலிக் குற்றியைக் காந்தம் பற்றிக்கொள்ளும். இக்காலத்தில் மின்சுருள்கள் குற்றியின் உலோகத்தையே சோதித்து ஏற்கவோ தள்ளவோ செய்கின்றன.

காந்தச் சோதனைபற்றி ஒன்று கூறவேண்டும். இலங்கையில் அண்மைக்காலக் குற்றிகள் பல எஃகின்மேல் வேறு உலோகம் பூசப்பெற்றவை, காந்தத்தால் ஈர்க்கப்படுபவை. 2017இல் வெளிவந்த 1, 2, 5, 10 ரூபாக் குற்றிகள் துருவேறா எஃகினாலானவை. இரும்பு யாவும் போலி என்று கொண்ட பழைய பொறியை இங்கு நிறுத்தினால், நல்ல காசையே போலியென்று தள்ளிவிடும். ஒரு நாட்டின் தவறுகாப்பு மற்றொரு நாட்டிற் புதிய தவறாகிவிடுதல் இத்தகையதே.

நாணயத்தின் வடிவமே ஒரு தவறுகாப்பு என்பதை எம் நாட்டார் பொறிகள் வருமுன்னரே கண்டவர்கள். 1909இல் வெளிவந்த ஐந்து சதம் மூலை மழுங்கிய சதுரம். 1944 முதல் வந்த பத்துச் சதமும் இரண்டு சதமும் விளிம்பு வளைந்து வளைந்து பூவிதழ் போன்றவை. இருளிலும் மடியிலும் விரலாலே தடவி இன்ன காசு என்று கூறிவிடலாம். கண்பார்வை அற்றவரையும் ஏமாற்ற இயலாது. பிற்காலத்துப் பத்து ரூபாக் குற்றி பதினொரு பக்கங்களோடு முதலில் வெளிவந்ததும் இம்மரபின் தொடர்ச்சியே. ஐந்து ரூபாவின் பழைய மஞ்சள் நிறம் புதிய எஃகுக் குற்றியில் இல்லாது போனமை, சில்லறை எண்ணும் முதியோருக்கு நட்டமென்றே எமக்குத் தோன்றுகின்றது.

இனி, இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது யாது? பொறியின் உரிமையாளரை வாங்குவோரிடமிருந்து காக்கும் ஏற்பாடுகள் தொடக்கத்திலேயே செம்மையுற்றன. வாங்குவோரைப் பொறியிடமிருந்து காக்கும் ஏற்பாடுகளோ மிகப் பிந்தியே வந்தன. காசை விழுங்கிவிட்டுப் பொருளைத் தராத பொறியை உதைப்பதும் உலுக்குவதுமே நெடுங்காலம் வாங்குவோருக்கிருந்த ஒரே முறையீடு. பாரமான பொறி சரிந்து வீழ்ந்து, உலுக்கியவர் மாண்ட நிகழ்ச்சிகளும் மேனாடுகளில் உண்டு. சில்லறைக் காசுக்கு உயிரைக் கொடுத்தவரை மூடர் என்று கூறிவிடல் எளிது. இந்த "மூடர்" என்னும் சொல்லைப் பற்றியே அடுத்துக் கூறவேண்டியுள்ளது.

யப்பானியப் பொறியியலாளர் சிகியோ சிங்கோ 1961இல் யமாதா மின்தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே செய்யப்பட்ட சிறு ஆழி ஒன்றில் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுருள்வில் இருத்தல் வேண்டும். தொழிலாளர் சிலவேளை வில்லை வைக்க மறந்துவிடுவர். குறையுள்ள ஆழிகள் வாங்கியோரிடமிருந்து திரும்பி வரும், மேலாளர் கண்டிப்பார், சிலகாலம் கவனம் மிகும், பின்னர் மறதி மீண்டும் வரும். சிங்கோ கண்டிக்கவில்லை. ஒரு சிறிய தட்டை மேசையில் வைத்தார். முதலில் இரண்டு விற்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் இடுக. பின்னர் அவற்றைப் பொருத்துக. வேலை முடிந்தபின் தட்டில் வில் எஞ்சியிருந்தால், மறந்தமை கண்முன்னே தெரியும். தட்டின் விலை மிகச் சொற்பம். மறதியோ அவ்விடத்திலேயே பிடிபட்டது.

இம்முறைக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் "பாக்கா யொக்கே". மூடரைத் தடுக்கும் ஏற்பாடு என்பது அதன் பொருள். 1963இல் அரக்காவா மோட்டார்வண்டித் தொழிற்சாலையில் இதனை நிறுவியபொழுது, அங்கு பணிசெய்த பெண்ணொருவர் தம்மை மூடரென்று கருதியே இதனை வைத்தனரோ என்று மனம் வருந்தி அழுதார். சிங்கோ உடனே பெயரை மாற்றினார். "பொக்கா யொக்கே" என்பது புதிய பெயர். பொக்கா என்பது யாருக்கும் நேரக்கூடிய கைத்தவறு. எழுத்தொன்று மாறியதிற் கருத்து முழுவதும் மாறிவிட்டது. முன்னையது மனிதரைக் குற்றஞ்சாட்டுகின்றது. பின்னையது அமைப்பை நோக்கி வினாவுகின்றது. இப்பெயர் மாற்றமே சிங்கோவின் கண்டுபிடிப்புகளுள் தலையாயது என்று கருதுவோம். 1994இல் றிச்சட் சேஸ், டக்ளஸ் ஸ்ருவாட் என்னும் அமெரிக்க ஆசிரியர் இருவர் இதனைத் தொழிற்சாலையினின்றும் சேவைத் துறைக்குக் கொணர்ந்தனர். சேவையிலே பணியாளர் மாத்திரமன்றி, வாங்குவோரும் வேலையிற் பங்குகொள்கின்றனர். ஆதலின் வாங்குவோரின் கைத்தவறும் சேவை அமைப்போரின் பொறுப்பு என்று அவர்கள் காட்டினர்.

தவறுகாப்பு இருவகைப்படும். ஒன்று, தவறு நேரின் வேலையே மேற்செல்லாதபடி தடுப்பது. மற்றொன்று, ஒலியாலோ ஒளியாலோ எச்சரிப்பது. கோப்பை வையாதபோது தேநீர்ப் பொறி பொழிய மறுத்தல் முதல்வகை. "மிகுதிக் காசு இல்லை" என்னும் சிறு விளக்கு இரண்டாம் வகை. எச்சரிக்கையைக் காணாதிருத்தல் எளிது. கண்டும் பொருட்படுத்தாதிருத்தல் அதனினும் எளிது. மிகுதிக் காசு இல்லாதபொழுது பெருந்தொகைத் தாளைப் பொறி ஏற்காது விடுமாயின், விளக்கு வேண்டியதேயில்லை. "உறுதியாகத்தான் சொல்கிறீரா?" என்று அடிக்கடி வினவும் திரைகளும் இத்தகையனவே. பத்து முறை "ஆம்" என்று அழுத்திப் பழகிய விரல், பதினோராவது முறை வினாவை வாசிப்பதில்லை.

சிற்றுண்டிப் பொறியை எடுத்துக்கொள்வோம். உள்ளே சுருட்கம்பிகளின் இடைவெளிகளிற் பொதிகள் அடுக்கப்பட்டிருக்கும். கம்பி ஒரு சுற்றுச் சுழன்றதும் முன்னுள்ள பொதி விழவேண்டும். பழைய பொறி, கம்பி சுழன்றதா என்பதை மாத்திரமே அறியும். பொதி விழுந்ததா என்பதை அறியாது. கம்பியிற் சிக்கித் தொங்கும் பொதியைக் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம், "விற்பனை முடிந்தது" என்று அது கூறிவிடும். பிற்காலத்துப் பொறிகளிற் பொதி விழும் வழியிற் கட்புலனாகாச் செங்கீழ்க் கதிர்கள் திரைபோற் பரப்பப்பட்டன. கதிர் தடைப்பட்டாலன்றி விற்பனை முடிந்ததாகக் கொள்ளப்படாது. தடைப்படாவிடின் கம்பி மீண்டும் சுழலும், அதன்பின்னும் விழாவிடிற் பணம் திரும்பும். இதற்குத் துணையாக, இட்ட காசு உடனே பெட்டியிற் சேராது, பொருள் வீழும்வரை நடுவே தங்கிநிற்கும் அமைப்பும் வேண்டும். தன் அசைவைத் தானே அளந்து நிறைவடைந்த பொறி, வாங்கியவர் பெற்ற பயனை அளக்கத் தொடங்கியது. ஒரு கதிர்த்திரை செய்த மாற்றம் இது.

பணப்பொறியின் வரலாறு இதனினும் சுவையானது. 1967ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள், இலண்டனின் என்பீல்ட்டில் பார்க்ளேஸ் வங்கி நிறுவிய பொறி அட்டையால் இயங்கியதன்று. காசோலை போன்ற தாளொன்றை இட்டால் பத்துப் பவுண் தரும். தாளைத் தானே வைத்துக்கொள்ளும். ஆதலின் மறந்துசெல்ல எதுவுமில்லை. திரும்பப் பெறவேண்டிய அட்டை வந்த பின்னரே மறதியும் வந்தது. முன்னாளைய பொறிகள் பல, முதலிற் பணத்தைத் தந்து பின்னர் அட்டையைத் தந்தன. பணம் பெறவே வந்தவர், பணம் கைக்கு வந்ததும் திரும்பி நடந்தார். அட்டை பொறியிலே தங்கிற்று. மைக்கல் பேர்ன், சூசன் பொவெயர் என்னும் ஆய்வாளர் 1997இல் இவ்வகைத் தவற்றை விரிவாக ஆராய்ந்தனர். நோக்கம் நிறைவேறியதும் மனம் அச்செயலை முடிந்ததாகக் கொண்டு, எஞ்சிய சிறு படியைக் கைவிட்டுவிடும் என்பது அவர் விளக்கம். படி எடுத்தபின் மூலத்தாளை நிழற்படிப் பொறியிலேயே விட்டுவருவதும் இதுவே. மனிதரை மாற்ற வேண்டியதில்லை. வரிசையை மாற்றினாற் போதும். அட்டையை எடுத்தாலன்றிப் பணம் வராது என்றாயிற்று. அட்டையை மறப்போர் தொகை அருகிற்று. புதிய உறுப்பு யாதும் சேர்க்கப்படாது, இரண்டு செயல்களின் முன்பின் மாற்றத்தாற் கிடைத்த பயன் இது.

எம் நாட்டிலே தவறுகாப்பின் மிகச் சிறந்த பொறியைக் காண விரும்புவோர் கடைக்கன்று, மலைநாட்டுப் புகையிரத நிலையத்துக்குச் செல்லவேண்டும். இறம்புக்கணைக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரு வண்டிகள் ஒரே பகுதியில் நுழைந்தாற் கேடு நிச்சயம். இதனைத் தடுக்கும் வில்லைப் பொறியை எட்வேட் ரையர் 1878இல் அமைத்தார்; 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் தந்திச் செய்திக் குழப்பத்தால் நேர்ந்த மோதலே அதற்குக் காரணம். பகுதியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பொறி. இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. மறுமுனையிலுள்ளவர் இசைந்தாலே இம்முனையில் ஒரு வில்லை வெளிவரும். ஒன்று வெளியிலிருக்கும்வரை, இரு பொறிகளுள் எதுவும் வேறொன்றைத் தராது. வில்லையைக் கையிற் கொண்ட சாரதியே அப்பகுதியில் வண்டி செலுத்தலாம். தோற்பையுடன் கூடிய வளையமொன்று நிலையமேடையிற் கைமாறுவதைப் பதுளைவரை சென்றவர்கள் கண்டிருப்பர். அதுவும் ஒருவகை விற்பனைப் பொறியே. அது தருவது வழியுரிமை, விலை மறுமுனையின் இசைவு.

அயற்பகுதியின் வில்லை தவறான பொறியினுள் நுழையாதபடி வெட்டும் வேறாக அமைந்திருந்தது. இவ்வளவு காப்பும் இருந்தும், 1921ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் வேல்சு நாட்டின் அபெர்மியூல் நிலையத்தருகே இரு வண்டிகள் நேர்நேர் மோதிப் பதினேழு பேர் மாண்டனர். பொறி பழுதடையவில்லை. வந்த வண்டியின் சாரதி ஒப்படைத்த வில்லை நிலையத்தார் கைகளில் மாறி, அடுத்த பகுதியின் வில்லை என்ற எண்ணத்தில் அச்சாரதியிடமே மீண்டும் கொடுக்கப்பட்டது. அதிற் பொறித்த ஊர்ப்பெயரைக் கொடுத்தவரும் பாரார், பெற்றவரும் பாரார். தவறான பொறியினுள் நுழைய மாட்டாத வில்லை, தவறான கையினுள் எளிதாக நுழைந்துவிட்டது. பின்னாளிற் பல பாதைகளில், சரியான வில்லை பொறியினின்று எடுக்கப்பட்டாலன்றிப் புறப்பாட்டுக் கைகாட்டி இறங்காதபடி இரண்டும் பிணைக்கப்பட்டன. காப்புள்ள இரு படிகளுக்கிடையே காப்பற்ற ஒரு கைமாற்றம் இருக்குமாயின், தவறு அங்கேயே புகும்.

விற்பனைப் பொறியில் அக்கைமாற்றம், பண்டம் நிரப்புவோர் வந்துபோகும் வேளையில் நிகழ்கின்றது. ஒரு நிரையிற் போடவேண்டியதை வேறு நிரையிற் போட்டால், விலையும் பண்டமும் மாறிவிடும். புதியதை முன்னே வைத்தால், பழையது பின்னே கிடந்து காலாவதியாகும். நிரைகளின் அகலத்தைப் பண்டத்துக்கேற்ப வேறாக்குதல், பின்புறத்தால் நிரப்பி முன்புறத்தால் விழச்செய்தல் ஆகியன எளிய காப்புகள். உணவுப் பொறிகளிற் குளிர் குறிப்பிட்ட நேரத்துக்குமேற் குறைந்திருந்தால், விற்பனையைத் தானே பூட்டிவிடும் ஏற்பாடும் உண்டு.

மின்தடை இன்னொரு சோதனை. 2022 மார்ச்சு மாத இறுதியில், எம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. பணம் எண்ணப்பட்டு வாயிலுக்கு வருமுன் மின் நின்றால் அப்பொறி எந்நிலையில் நிற்கவேண்டும்? வாங்குவோரின் காசு எவ்விடத்தில் இருக்கவேண்டும்? வெப்பநாட்டில், மின்வெட்டு நேரும் ஊரில் நிறுத்தும் பொறிக்கு இவ்வினாக்கள் முதன்மையானவை. மின்னின்றியே இயங்கும் காசு மீட்டல் நெம்புகோல், எந்தப் படியில் நின்றது என்பதை அழியாது பதிந்துவைக்கும் நினைவுக்கூறு என்னும் இரண்டும் இல்லாத பொறியை வாங்குதல், குடை இல்லாது மழைக்காலத்திற் புறப்படுவது போன்றதே.

இறுதியாக மொழியைப் பற்றிச் சில கூறுவோம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தாற் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. பணப்பொறியின் முதற்றிரையில் மும்மொழிகளும் காட்சியளிக்கின்றன, நன்று. ஆயின் வழமையான பாதையிற் செல்லும்வரையிலேயே தமிழ் துணைவருகின்றது. பணம் வராது நின்றுபோனால், அட்டை சிக்கிக்கொண்டால், அவ்வேளையிற் தோன்றும் செய்தி ஆங்கிலத்தில் மட்டும் வருவதுண்டு, பற்றுச்சீட்டும் அவ்வாறே. கொட்டாஞ்சேனையிற் பேரப்பிள்ளையின் துணையின்றி ஓய்வூதியம் எடுக்கச் சென்ற மூதாட்டியார், தமக்கு விளங்காத அவ்வொரு வாக்கியத்தின் முன்னே என் செய்வார்? மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்துவார். அல்லது பின்னே நிற்கும் முன்பின் அறியாதவரிடம் அட்டையையும் இரகசிய எண்ணையும் ஒப்புவிப்பார். மொழிபெயர்ப்பாளர் முதலிற் தொடவேண்டியவை வரவேற்புரைகள் அல்ல. தவறு நேர்ந்தபின் தோன்றும் செய்திகளே. அவையும் "செயற்பாடு தோல்வியுற்றது" என்று நின்றுவிடாது, "உங்கள் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்படவில்லை, அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று செய்யவேண்டியதைச் சொல்லவேண்டும். ஒருமுறை தமிழைத் தேர்ந்தவருக்கு அடுத்தமுறையும் தமிழே தோன்றும்படி அவ்விருப்பத்தை அட்டையோடு பதிந்துவைத்தல், இக்காலப் பொறிகளுக்கு அரிய செயலன்று. கேட்கும் வாடிக்கையாளர் பலராயின் வங்கிகள் அதனைச் செய்யும். முறையீட்டுப் படிவத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கும் உரிமை எவருக்கும் உண்டு.